21க்குப் பின்னால் எந்த இரண்டு எழுத்து? ஆங்கில வரிசை எண்கள்

தமிழில் வரிசை எண் எழுதுவது சுலபம். 'முதல்' ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 'ஆம்' அல்லது 'ஆவது' சேர்த்தால் போதும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தையும் எழுதும்போதுதான் இடறுகிறது. எங்கள் தெருவில் ஒரு கடையின் ஆண்டு விழா பேனரில், 22க்குப் பின்னால் டி, எச் போட்டு ஆளுயரத்துக்கு அடித்திருந்தார்கள். காசு கொடுத்து அடித்த பேனர். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும், தவறு தெரிந்திருக்கும்.

முதலில் அதைத்தான் செய்யுங்கள். 22ஐச் சொல்லுங்கள்: ட்வென்டி செகண்ட். 'செகண்ட்' எந்த இரண்டு எழுத்தில் முடிகிறதோ, அதுதான் எண்ணுக்குப் பின்னால் வரும். 21க்கு ஃபர்ஸ்ட்டின் கடைசி இரண்டு எழுத்து, 23க்குத் தேர்டின் கடைசி இரண்டு. 'த்' என்று முடிந்தால் டி, எச்.

நாம் 'இருபத்தோராம்' என்கிறோம், 'இருபத்து முதல்' என்பதில்லை. ஆங்கிலத்திலோ ஃபர்ஸ்ட் 31, 41, 101 எல்லாவற்றிலும் திரும்ப வரும். குழப்பத்தின் வேர் இதுதான். 11, 12, 13 மட்டும் விலக்கு: லெவன்த், ட்வெல்ஃப்த், தேர்ட்டீன்த். ஆகவே இவற்றுக்கு டி, எச்தான். 111, 112, 113க்கும் அப்படியே.

அடுத்து, எழுத்தால் எழுதும்போது. ஐந்திலும் பன்னிரண்டிலும் கடைசி வி, ஈ போய் எஃப் வரும். நைனின் கடைசி ஈ விழுந்துவிடும். எய்ட் ஏற்கெனவே டியில் முடிவதால் எச் மட்டும் சேருங்கள். ட்வென்டி, தேர்ட்டி போன்றவற்றில் ஒய், 'ஐ, ஈ' ஆக மாறி அப்புறம் டி, எச் சேரும்.

சரி, வாக்கியத்தில்? பெரும்பாலும் முன்னால் 'த' வேண்டும்: த தேர்ட் ஹவுஸ். 'மை' போன்ற சொல் இருந்தால் வேண்டாம்: மை ஃபர்ஸ்ட் ஜாப். தேதியில் 15 ஆகஸ்ட் என்று வெறும் எண்ணாக எழுதலாம். ஆனால் படிக்கும்போது 'த ஃபிஃப்டீன்த் ஆஃப் ஆகஸ்ட்' என்றே படிக்க வேண்டும். அமெரிக்கர்கள் 'ஆகஸ்ட் ஃபிஃப்டீன்த்' என்பார்கள்.

மாடி விஷயத்தில் கவனம். பிரிட்டனில் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால், நம் ஊர்போலவே, தரைத்தளத்துக்கு மேலே உள்ளது. அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். அங்கே செகண்ட் ஃப்ளோருக்கு வரச் சொன்னால் ஒரு மாடி ஏறினால் போதும்.