பின்னோக்கிப் போன கடிகாரம்

மேசைமேல் ஒழுங்காக ஓடிய ஒற்றைப் பலகைக் கணினி, இரண்டு வாரம் இழுப்பறையில் கிடந்தபின் வேறொரு வலையமைப்பில் மாட்டியதும் வெப்பநிலைத் தரவை அனுப்ப மறுத்தது. வைஃபை இணைந்தது, பிங் போனது. சிறு கருவிகள் தரவு அனுப்பப் பயன்படுத்தும் எம்க்யூடிடி நெறிமுறையின் மறையாக்க இணைப்பு (8883 போர்ட்) மட்டும் உடனே அறுந்தது.

பயனர் பெயர், கடவுச்சொல், நூலகப் பதிப்பு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். மெமரி கார்டைக்கூட மாற்றினேன், வீண் வேலை. அடையாளத்தை நிரூபிக்கும் டிஜிட்டல் சான்றிதழைப் புதிதாக உருவாக்கியும் அதே கதை. மூன்று நாள் போயிற்று.

பிழைச் செய்தியை அப்போதுதான் முழுவதும் படித்தேன்: சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை'. 'காலாவதி' அல்ல, 'இன்னும்'! பதிவேட்டு வரிகளில் இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி. பலகையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது; கடைசியாக அணைத்தபோது சேமித்த நேரத்திலிருந்தே எழுகிறது. பிறகு வலையமைப்பு வழியே சரியான நேரம் பெறும் என்டிபி அதைச் சரிசெய்ய வேண்டும். இந்த வலையமைப்பின் தடுப்புச் சுவரோ என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட்டை வெளியே விடவில்லை. சர்வரின் சான்றிதழ் இழுப்பறை நாட்களில் புதுப்பிக்கப்பட்டது. பலகையின் பார்வையில் அது எதிர்காலத்துச் சான்றிதழ். நான் உருவாக்கியது அதைவிடப் பிந்தையது!

ரவுட்டரே நேரச் சேவை தருவதால், பலகையின் நேரத்தைச் சரிசெய்யும் டைம்சின்க்டி நிரலின் அமைப்புக் கோப்பில் அதன் முகவரியை எழுதினேன். தரவு அனுப்பும் சேவை நேரம் சரியாகிவிட்டதைக் குறிக்கும் டைம்-சின்க் இலக்குக்குப் பிறகே தொடங்குமாறு செய்தேன். அந்த இலக்கை எழுதினால் மட்டும் காத்திருக்காது. நேரம் சரியாகும்வரை காத்திருக்கும் சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சின்க் சேவையையும் இயக்க வேண்டும். இதில் இன்னொரு மாலை போனது. பிறகு மின்னிணைப்பைப் பத்து முறை பிடுங்கி மாட்டினேன். பத்து முறையும் தரவு வந்தது.