பழைய செருப்பில் சண்டை ரோபோ சக்கரம்

சண்டை ரோபோ செய்யப் போகிறேன் என்று வரும் பையன்கள் எல்லாரும் ஆயுதத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் அவர்கள் காலைப் பார்ப்பேன், என்ன செருப்பு என்று.

யாங்கூனில் ஆபீசுக்கே கைலியும் செருப்புமாகப் போகிறோம். வார் அறுந்த செருப்புக்குப் பஞ்சமில்லை. பஞ்சு மாதிரி அமுங்குகிற அந்த ரப்பர் அடி, பீட்டில்வெயிட் என்கிற 1.36 கிலோ எடைப் பிரிவு ரோபோவுக்கு நல்ல சக்கரம். ட்ரில்லில் மாட்டி வட்டம் வெட்டும் 65 மி.மீ. ஹோல்சாவைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாக ஓட்டுங்கள். அவசரப்பட்டால் சூடேறி ஓரம் பிய்ந்துவிடும். இரண்டு வட்டங்களை ஒட்டி, நடு ஓட்டையில் போல்ட் மாட்டி, ட்ரில்லில் சுழலவிட்டு உப்புத்தாளைப் பிடித்தால் 60 மி.மீ.க்கு உருண்டு வரும். உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வட்டை ஒட்டி அதில் மோட்டார் தண்டைப் பிடிக்கும் ஹப்பை முடுக்க வேண்டியதுதான்.

எதிரியின் பிளேடு பட்டால் இது ஒரு துண்டை இழந்துவிட்டு ஓடும். கெட்டி ரப்பர் சக்கரம் அடியை நேரே தண்டுக்குக் கடத்தும். போன மழைக்காலத்தில் என் அக்கா மகன் அழகான கெட்டிச் சக்கரம் மாட்டினான். ஒரே இடியில் 4 மி.மீ. தண்டு வளைந்து, ரோபோ நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது. சக்கரம் போனால் அடுத்த செருப்பு இருக்கிறது. கியர் மோட்டாருக்கு எங்கே போவது?

அடுத்தது வேகம். 60 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 19 செ.மீ. மோட்டார் நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல். சண்டை நடக்கும் எங்கள் ஆறடிப் பெட்டியில் அது சுவரில் போய் மோதத்தான் உதவும். 500 சுற்றே போதும். லேபிளை நம்பாதீர்கள்: தண்டில் டேப் ஒட்டி, போனில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணிப் பாருங்கள்.

இழுவைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டு சக்கரம் என்றால் ஒன்றின் மேல் 0.7 கிலோ, ஆரம் 3 செ.மீ.; பெருக்கினால் 2.1 கிலோ-செ.மீ., சக்கரத்தை வழுக்க வைக்கத் தேவையான முறுக்குவிசை. ரோபோ சுவரில் முட்டி நிற்கும்போது மோட்டார் நின்றுவிடாமல் சக்கரம் வழுக்க வேண்டும். நின்ற மோட்டார்தான் புகையும். அதனால் ஸ்டால் டார்க் (மோட்டார் நின்றுபோகும் கட்டத்தில் தரும் முறுக்குவிசை) இதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பல்சக்கரங்கள் உலோகமாக இருக்கட்டும். தண்டு டி வடிவம் என்றால் ஹப் ஸ்க்ரூ தட்டையான பக்கத்தில்தான் உட்கார வேண்டும். ஸ்க்ரூ கழலாமலிருக்க மரைப்பசை ஒரு சொட்டு.

பெரிய ரோபோவுக்குப் பழைய பேட்டரி ட்ரில்லின் கியர்பாக்ஸைக் கழற்றலாம். கிளட்சைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தள்ளும்போது கடகடவென்று நழுவும். அப்புறம், பிட்டைப் பிடிக்கும் சக்கின் வாய்க்குள் இருக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் இடப்புரி. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நான் இரண்டு ஸ்க்ரூத் தலையை மழுக்கியிருக்கிறேன்.