பக்கத்து ஊர் வாசகர்களைக் கண்டுபிடிக்க

கோவில்பட்டியும் சாத்தூரும் ஒரே ரயில் பாதையில் அருகருகே இருக்கும் ஊர்கள். ஆனால் ஒன்று தூத்துக்குடி மாவட்டம், மற்றொன்று விருதுநகர் மாவட்டம். நூலக நிர்வாகம் மாவட்டவாரியாக நடப்பதால், இரண்டு ஊர் வாசகர்களும் ஒருவரையொருவர் அறியாமலே இருந்துவிடுவது எளிது. எத்தனை நல்ல உரையாடல்கள் இதனால் நழுவிப்போகின்றன!

உங்கள் ஊரும் இப்படி மாவட்ட எல்லையில் இருந்தால், பக்கத்து ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். வாசகர் வட்டம் நடக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால், அவர் அனுமதியோடு ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ‘புத்தக ஆர்வலர்கள் தொடர்புகொள்க’ என்று பொதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அண்மையில் படித்த நாவலின் பெயரையும் அதில் உங்களை உறுத்திய ஒரு கேள்வியையும் எழுதுங்கள். அதைப் படித்தவர் பதில் சொல்லாமல் போக மாட்டார்.

சந்திப்பு அமைந்தால் ஆளுக்கொரு புத்தகத்தை இரவல் கொடுத்துவிடுங்கள். திருப்பித் தர வேண்டுமே, அடுத்த சந்திப்புக்கு அதுவே உறுதி. உள்ளட்டையில் பெயரைப் பென்சிலால் எழுதிவிடுவது நல்லது.