காய்ந்தாலும் மணக்கும் துளசி: தாய்ச்செடி தேர்வும் கை மகரந்தச் சேர்க்கையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வாசலில் துளசி இல்லாத வீடு குறைவு. பறித்ததும் மூக்கைத் துளைக்கும் செடியையே பலரும் விதைக்கு விடுகிறார்கள். அது தவறு. காய்ந்த இலையை முகர்ந்துதான் தாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காரணம் எண்ணெயில் இருக்கிறது. சினியோல் போன்ற லேசான மணங்கள் சீக்கிரம் பறந்துவிடும். சினியோலின் கொதிநிலை 176 பாகை செல்சியஸ். கிராம்பு வாசம் தரும் யூஜெனாலுக்கு 254. அதனால் அது மெதுவாகவே ஆவியாகும்.

மழை ஓய்ந்து இரண்டு நாள் கழித்து, காலையில் ஒவ்வொரு செடியிலும் 10 கிராம் இலை பறியுங்கள். நிழலில் நொறுங்கும்வரை உலர்த்தி, எண் ஒட்டிய கண்ணாடிப் புட்டிகளில் 30 நாள் மூடி வையுங்கள். பிறகு எந்தச் செடியென்று தெரியாத இருவர் கசக்கி முகரட்டும். எல்லாச் செடிக்கும் ஒரே வெயில், ஒரே ஆட்டெரு இருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் யூரியா போட்டால் அதன் இலை பெருத்து வாசம் நீர்த்துவிடும், ஒப்பிட முடியாது.

இப்படித் தேர்ந்தெடுத்த பச்சைத் துளசி கலப்புக்குத் தாய், கருந்துளசி தந்தை. தாய்க்கதிரில் மறுநாள் மலரப்போகும் மொட்டை மாலையில் ஊசியால் பிளந்தால், உள்ளே நான்கு மகரந்தத் தாள்கள் தெரியும். மகரந்தப் பை வெடிக்குமுன் நான்கையும் மெல்லிய இடுக்கியால் எடுத்துவிடுங்கள். ஒன்று தப்பினாலும் பூ தன் மகரந்தத்திலேயே விதை பிடித்துவிடும். கதிரில் விட்டுவைத்த மற்ற மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, வலைப்பையால் மூடுங்கள். தேனீ சும்மா விடாது. மறுநாள் காலை, தந்தைப் பூவின் மகரந்தத்தைச் சூல்முடியின் பிளவுபட்ட நுனியில் தடவி மறுபடி மூடுங்கள்.

ஒரு பூவில் அதிகபட்சம் நான்கே விதை. ஆகவே முப்பது பூக்களாவது செய்யுங்கள். நாற்றில் ஊதாச் சாயல் தெரிந்தால் கலப்பு பிடித்திருக்கிறது.

முதல் தலைமுறையோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். உண்மையான தேர்வு அடுத்ததில்தான். கலப்புச் செடியின் கதிர்களைப் பையிட்டுத் தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்க விடுங்கள். அந்த விதையில் ஐம்பது செடியாவது வளர்த்தால்தான் குணங்கள் பிரிவது தெரியும். ஒவ்வொன்றுக்கும் அதே புட்டிச் சோதனை. சிறந்த இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காவி நிறமான கதிரை மழைக்கு முன்பே அறுங்கள். நனைந்த விதை வழவழவென்று பசை கட்டி வீணாகும். விதையைக் காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லுடன் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். விதைக்கும்போது மண்ணால் மூடாமல் மேலாகத் தூவி அழுத்தினால் போதும்.