அணியா, வீரரா? உங்கள் பற்று எங்கே இருக்கிறது என்று கண்டறியும் முறை

ஐ.பி.எல். கிரிக்கெட் நடக்கும் மாதங்களில், இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றாலும், ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று அணிகளின் ரசிகர்கள் இருப்பதைக் காணலாம். ஏன் அந்த அணி என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு வீரரின் பெயரே பதிலாக வரும். அந்த வீரர் அடுத்த ஆண்டு வேறோர் அணிக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பலரால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. இதற்குத் தமக்குத் தாமே நேர்மையாகப் பதில் காண விரும்புவோருக்காகவும், தோட்டத்துக் கிரிக்கெட் கழகங்களை நடத்திக்கொண்டு, பார்வையாளர்கள் ஒரு வருடம் திரண்டு வந்து மறுவருடம் வராமல் போவது ஏன் என்று யோசிப்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

நாம் யாருடைய ரசிகர் என்பதை வாயால் சொல்வதைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. வீரரும் அணியும் ஒரே பக்கத்தில் நிற்கும்வரை இரண்டு பற்றும் ஒன்றாகவே தெரியும். அவை பிரியும் தருணங்களில்தான் உண்மை வெளிப்படும். ஆகவே, ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அப்படிப் பிரிந்த தருணங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். என்ன நினைத்தீர்கள் என்பதை எழுத வேண்டாம். நினைத்ததை நாம் பிற்பாடு நமக்கு வசதியாக மாற்றிக்கொள்கிறோம்.

யாரால் உள்ளே வந்தீர்கள்?

முதலில், இந்த விளையாட்டுக்குள் உங்களை அழைத்துவந்தவர் யார் என்று எழுதுங்கள். மலையகத்தில் முப்பது வயதைத் தாண்டிய பலருக்கு அந்த இடத்தில் முத்தையா முரளிதரனின் பெயர்தான் இருக்கும். 1972இல் கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர் அவர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். நம் குடும்பங்களின் கதையைத் தம் குடும்பத்திலும் கொண்ட ஒருவர் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தினார் என்றால், அவர் வழியாக ஒரு தலைமுறையே இலங்கை அணிக்குள் நுழைந்ததில் வியப்பில்லை.

ஆனால் உள்ளே வந்த காரணமும் உள்ளேயே தங்கிவிட்ட காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2010 ஜூலையில் காலி மைதானத்தில், இந்தியாவின் பிரக்யான் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து 800ஐத் தொட்டு, முரளிதரன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அதற்குப் பிறகு நீங்கள் டெஸ்ட் போட்டிகளைப் பார்த்தீர்களா? முரளியின் நிழலில் பல ஆண்டுகள் காத்திருந்த ரங்கன ஹேரத் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, 2018 நவம்பரில் ஓய்வுபெறும்போது 433 விக்கெட்டுகளுடன் நின்றார். ஹேரத்தின் ஒவ்வொரு விக்கெட்டையும் நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்றால், முரளி உங்களை அழைத்துவந்து அணியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். ஹேரத் எப்போது ஓய்வுபெற்றார் என்பதே இப்போதுதான் தெரியவருகிறது என்றால், நீங்கள் முரளியின் ரசிகர். இரண்டிலும் குறையொன்றும் இல்லை. எது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

உடை மாறும்போது

அடுத்து, ஒரு வீரர் அணி மாறிய தருணங்களை எழுதுங்கள். முரளிதரனையே எடுத்துக்கொண்டால், ஐ.பி.எல். போட்டிகளில் 2008 முதல் 2010 வரை சென்னை சூப்பர் கிங்ஸ், 2011இல் கொச்சி, 2012 முதல் 2014 வரை பெங்களூர் என மூன்று அணிகளுக்கு ஆடினார். அந்த ஏழு ஆண்டுகளில் உங்கள் விருப்ப அணியும் அவரோடு சேர்ந்து இரண்டு முறை மாறியதா, அல்லது 2010இல் சென்னை முதல் முறையாகக் கிண்ணத்தை வென்றதோடு நீங்கள் மஞ்சள் உடையிலேயே நின்றுவிட்டீர்களா?

மகேந்திர சிங் தோனியின் ரசிகர்களுக்கு இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சென்னை அணி தடைசெய்யப்பட்டிருந்தது. தோனி புனே அணிக்கு ஆடினார். 2017 இறுதிப் போட்டியில் அந்தப் புனே அணி மும்பையிடம் ஒரே ஓட்டத்தால் தோற்றது. அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் உங்கள் பற்று தோனியிடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடங்களையும் யாருடைய ஆட்டத்திலும் ஒட்டாமல் கழித்துவிட்டு, 2018இல் சென்னை திரும்பி வந்தபோது மீண்டும் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்றால் அது அணியிடம் இருக்கக்கூடும். 'கூடும்' என்று தயங்கிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018இல் காவிரிப் போராட்டம் காரணமாகச் சென்னையின் உள்ளூர்ப் போட்டிகள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்கள் சிறப்பு ரயிலில் அங்கே சென்றார்கள். அணிப்பற்றுக்கு அதைவிடச் சான்று வேண்டுமா என்று தோன்றும். ஆனால் அந்த அணியின் தலைவராகத் தோனியும் திரும்பி வந்திருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. இருவரும் மீண்டும் சேர்ந்துவிட்ட ஆண்டை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

அண்மைக்கால உதாரணம் வேண்டுமென்றால், 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்கும் சஞ்சு சாம்சன் சென்னைக்கும் மாற்றப்பட்ட நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியைக் கேட்டதும் நீங்கள் முதலில் செய்தது என்ன? ஜடேஜாவுக்காக வருந்தினீர்களா, அல்லது அடுத்த பருவத்தில் சென்னையின் ஆரம்பத் துடுப்பாட்டம் எப்படி அமையும் என்று கணக்குப் போட்டீர்களா?

தோற்ற மறுநாள்

1976இல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே உதவும். அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில் அவர்கள் பார்த்தபோது, தம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி வென்ற வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமையில், அதன் பெயரோ சின்னமோ உள்ள உடையை அதிக மாணவர்கள் அணிந்து வந்திருந்தார்கள். வெற்றியின் வெளிச்சத்தில் நாமும் சற்று நின்றுகொள்ள விரும்புவது மனித இயல்பு. ஆகவே, வென்ற மறுநாள் அணியும் உடை எதையும் நிரூபிப்பதில்லை. தோற்ற மறுநாள் அதே உடையை அணிந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போகிறீர்களா என்று பாருங்கள். அணி தோற்று, உங்கள் விருப்ப வீரர் மட்டும் சதம் அடித்த நாள் இன்னும் நுட்பமானது. அந்த நாளில் உங்களுக்கு மனம் நிறைந்திருந்தால், தாளில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தியாவா, இலங்கையா என்ற கேள்வி

மலையகத்தில் இந்த விடயம் இவ்வளவோடு முடிந்துவிடுவதில்லை. இந்தியாவும் இலங்கையும் ஆடும் நாட்களில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வியில் விளையாட்டைவிட வேறொன்றும் கலந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வரலாற்றைக் கொண்டவர்களிடம் "நீ யார் பக்கம்?" என்று கேட்கும்போது, கேட்பவர் கிரிக்கெட்டைத்தான் கேட்கிறாரா என்ற ஐயம் எழுவது நியாயமே. 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறியவர்கள் எந்த அணிக்காகக் கைதட்டுகிறார்கள் என்பதை அவர்களின் நாட்டுப்பற்றுக்கு அளவுகோலாக்கப் பார்த்தார். அது தவறான அளவுகோல் என்பதே என் உறுதியான கருத்து. ஒருவர் எந்த அணிக்குக் கைதட்டுகிறார் என்பதற்கும் அவருடைய குடியுரிமைக்கும் தொடர்பில்லை. அதை நிரூபிக்கும் கடமையும் அவருக்கு இல்லை.

எனவே இந்தப் பகுதியை உங்களுக்காக மட்டும் செய்யுங்கள். 2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். முரளிதரனின் கடைசி ஒருநாள் போட்டி அது. மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்களை எடுத்தார். பின்னர் லசித் மாலிங்க, சேவாக்கை ஓட்டம் எதுவும் இல்லாமலும், சச்சின் டெண்டுல்கரை 18 ஓட்டங்களிலும் ஆட்டமிழக்கச் செய்தார். டெண்டுல்கர் தலையைக் குனிந்து நடந்தபோது நீங்கள் துள்ளி எழுந்தீர்களா, மௌனமானீர்களா? அன்று தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் முரளி கிண்ணத்தோடு விடைபெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, டெண்டுல்கர் ஆட்டமிழந்ததும் வாடிப்போனவர்கள் இருந்தார்கள். அவர்களை இரு பக்கமும் சாய்பவர்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் இரண்டு வீரர்களை நேசித்தார்கள். கொடி அவர்களுடைய கணக்கிலேயே இருக்கவில்லை. வேலையிடத்தில் யாராவது குத்தலாகக் கேட்டால், "நான் இன்னாருடைய ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன்" என்று பெயரைச் சொல்லிவிட்டு, அவருடைய ஒரு நல்ல ஆட்டத்தை விவரியுங்கள். பேச்சு மீண்டும் கிரிக்கெட்டுக்கு வந்துவிடும்.

பதில் கிடைத்த பின்

தாளில் எழுதியவற்றைப் படித்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் கனத்துத் தெரியும். வீரரின் பக்கம் என்றால், அவரைப் பின்தொடர்ந்து செல்லுங்கள், தயக்கம் தேவையில்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: அவருடைய இடத்துக்கு வருபவரைப் பகைக்காதீர்கள். 2024 ஐ.பி.எல். பருவத்தில் ரோஹித் ஷர்மாவிடமிருந்து மும்பையின் தலைமைப் பொறுப்பு ஹர்திக் பாண்டியாவுக்குச் சென்றபோது, சொந்த மைதானமான வான்கடேயிலேயே பாண்டியாவைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம், ரோஹித்தின் தலைமையில் இந்தியா இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தை வென்றபோது கடைசி ஓவரை வீசியவர் பாண்டியாதான். சில நாட்களில் அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. ரோஹித்தை நேசிப்பதற்குப் பாண்டியாவை வெறுப்பது எந்த நாளிலும் தேவையாக இருக்கவில்லை.

அணியின் பக்கம் என்றால், அந்த அணி உங்கள் பற்றைத் தாங்கக்கூடியதுதானா என்று பாருங்கள். லங்கா பிரீமியர் லீக்கில் நம் பக்கத்து அணி 2020இல் கண்டி டஸ்கர்ஸ், 2021இல் கண்டி வொரியர்ஸ், 2022இல் கண்டி ஃபல்கன்ஸ், 2023இல் பி-லவ் கண்டி, 2024இல் மீண்டும் கண்டி ஃபல்கன்ஸ் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. 2023இல் கிண்ணத்தையும் வென்றது. ஆனாலும், ஆண்டுக்கொரு பெயரில் வரும் அணியோடு மனம் ஒன்றுவது எளிதல்ல. அத்தகைய இடத்தில் ரசிகர் அந்த அணிக்கு ஆடிய வனிந்து ஹசரங்கவின் பெயரைப் பிடித்துக்கொள்கிறார் என்றால், அவரைக் குறைசொல்ல முடியாது.

வீரரிடம் தொடங்கிய பற்று எப்போது அணியிடம் போய்ச் சேர்கிறது? இலங்கை அணியின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயார், முரளிதரன் விதிக்கு மாறாகப் பந்தை எறிகிறார் என்று கூறி ஏழு முறை 'நோ போல்' அறிவித்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ரோஸ் எமர்சன் அதையே செய்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி வாதாடி, அணியையே எல்லைக் கோட்டுக்கு அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். முரளிக்காக மட்டும் ஆட்டம் பார்த்த மலையக ரசிகர்கள் பலருக்கு, அந்த அணியும் தமது என்று தோன்றிய நாள் அதுவாகத்தான் இருந்தது என்று நம்புகிறேன். நமக்குப் பிடித்தவருக்காக நிற்கும் அணியிடம் நம் பற்று தானாகவே போய்ச் சேர்கிறது.

தோட்டக் கழகங்களுக்கு

தோட்டத்து மென்பந்துக் கழகங்களின் சிறந்த வீரர்களில் பலர் கொழும்பில் கடைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும்தான் ஊருக்கு வருகிறார்கள். ஆகவே, அந்த ஒருவர் வரும் வருடத்தில் மைதானம் நிறைகிறது. அவருக்கு விடுமுறை கிடைக்காத வருடத்தில் காலியாகிறது. இதை மாற்ற விரும்பினால் ரணதுங்க செய்ததைச் சிறிய அளவில் செய்யுங்கள். காயப்பட்ட பையனை அணிப் பட்டியலில் வைத்திருங்கள். வெளியூர்ப் போட்டிக்கு வர பஸ் கட்டணம் இல்லாதவருக்குக் கழகப் பணத்திலிருந்து கொடுங்கள். பிடியைத் தவறவிட்டவரை மேற்பிரிவுக்காரர்கள் கேலிசெய்தால் தலைவர் முன்னால் போய் நிற்கட்டும். அவருடைய அம்மாவும் அக்காவும் பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு போட்டியின் ஓட்ட விபரத்தையும் ஒரே கொப்பியில் எழுதிவைத்து, கழகச் செயலாளர் மாறும்போது கொப்பியும் கைமாறுவதை உறுதிசெய்யுங்கள். பத்து வருடங்களுக்கு முன் தம் அண்ணன் எடுத்த ஓட்டங்களை அதில் காணும் பையன், அந்தக் கழகத்தை விட்டு எளிதில் போகமாட்டான். அனுசரணையாளர் வந்து உடை வாங்கித் தருவதாகச் சொல்லி, கழகத்தின் பெயரோடு தம் கடையின் பெயரையும் சேர்க்கக் கேட்டால், நன்றி கூறி, கடையின் பெயரை உடையின் முன்புறத்தில் பெரிதாகப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லுங்கள். கழகத்தின் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.