சுவிசில வயசு வந்தாப்பிறகு ஸ்கீ பழகிற ஆக்கள், முதல்ல பைண்டிங்கை (சப்பாத்தை ஸ்கீயோட பூட்டுற பகுதி) பாருங்கோ

சுவிசுக்குப் புதுசா வந்த அம்மா அப்பாமாருக்குத்தான் இதை எழுதுறன். பிள்ளை பள்ளிக்கூடத்தால ஸ்கீலாகருக்கு (ஸ்கீ பழக்கிற முகாம்) போய் ஒரு கிழமையில பனி மலையால ஸ்கீயில வழுக்கி இறங்கப் பழகியிடும், நாங்கள் கீழ நிண்டு போட்டோ எடுத்துக்கொண்டு நிப்பம். எனக்கு அப்பிடி நிக்க மனம் கேக்கேல்லை, 41 வயசில தொடங்கினன்.

காப்புறுதியைக் கெதியாச் சொல்லிப்போடுறன். ஒரே முதலாளியிட்டக் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தா, ஸ்கீயில விழுறது மாதிரி வேலைக்கு வெளியில நடக்கிற விபத்தும் வேலையிடத்துக் காப்புறுதியில வரும். ரெண்டு இடத்தில அஞ்சு அஞ்சு எண்டு கூட்டிப் பாக்க ஏலாது. அப்பிடியான ஆக்கள் கிராங்கன்காசையில (மருத்துவக் காப்புறுதி) விபத்தையும் சேர்க்கோணும், பிராங்கிசையும் (செலவில முதல்ல நாங்கள் கட்டுற பங்கு) நீங்கள்தான் கட்டோணும்.

இனி எனக்கு நடந்தது. ஊரில பழைய சைக்கிள் ஒண்டை வாங்கினா என்ன செய்வம், ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் இறுக்கிப்போட்டு ஓடுவம். அதே புத்தியிலதான் நானும் ஒராளிட்ட ஸ்கீ, சப்பாத்து, தடி எல்லாம் சேர்த்து 80 பிராங்குக்கு வாங்கினன். அந்தாள் என்னைவிட நல்ல மொத்தம், சின்ன வயசில இருந்து ஓடுற ஆள். சப்பாத்தை வைச்சு மிதிச்சன், சிக்கெண்டு பிடிச்சுது. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது எண்டு நினைச்சன்.

அதுதான் பிழை. பைண்டிங் பிடிச்சுக்கொண்டிருக்கிறதுக்கு மட்டுமில்லை, விழேக்க காலை விடுறதுக்கும்தான் இருக்குது. அதின்ர முன்பக்கம் சின்ன ஜன்னல் மாதிரி ஒண்டு, அதுக்குள்ள ஒரு இலக்கம் தெரியும், அது கூடக்கூட இறுக்கமும் கூடும். என்ர ஸ்கீயில 8½. என்ர நிறைக்கும் பழகுனர் நிலைக்கும் 5க்குக் கிட்டத்தான் வைச்சிருக்கோணும் எண்டு பிறகு கடைக்காரர் சொன்னார். மூண்டாம் நாள், நடக்கிற வேகம்கூட இல்லை, ஈரப் பனிக்குள்ள ஸ்கீ மாட்டுப்பட்டுது, உடம்பு திரும்பினது, ஸ்கீ கழரேல்லை. முழங்காலுக்குக் கீழ எலும்பு முறுகி வெடிச்சுது. ஏழு கிழமை வேலை இல்லை. மனுசி இப்பவும் அந்த 80 பிராங்கைச் சொல்லிக் காட்டுவா.

அதால முதல் வருசம் வாடகைக்கே எடுங்கோ. கடையில உயரம், நிறை, வயசு, எவ்வளவு ஓடுவியள் எண்டெல்லாம் கேப்பினம், வெக்கப்பட்டு நிறையைக் குறைச்சோ, கௌரவத்துக்கு "ஓரளவு ஓடுவன்" எண்டோ சொல்லாதேங்கோ, அந்தப் பதிலை வைச்சுத்தான் இலக்கம் போடுறது. பழசுதான் வாங்குவன் எண்டு நிண்டா உங்கட சப்பாத்தோட ஸ்போர்ட்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கோ, மெசினில பூட்டிச் சோதிச்சுச் சரியா வைச்சுத் தருவினம். நீங்களா ஸ்க்ரூ டிரைவரால திருப்ப வேண்டாம்.

சப்பாத்துக்கு உள்ள மெல்லிய நீட்டு மேஸ் ஒரு சோடி காணும். குளிர் எண்டு ரெண்டு போட்டா கால் இன்னும் விறைக்கும். நிமிர்ந்து நிக்கேக்க பெருவிரல் முன்னுக்கு முட்டோணும், முழங்காலை மடக்க விலகோணும்.

பேர்ண் பக்கத்து ஆக்கள் கிரிண்டல்வால்டில போட்மி எண்ட இடத்துக்குப் போகலாம், ஊருக்குப் பக்கத்திலயே பழகுற சரிவு. மேல போறதுக்கு முதல்ல நகருற கம்பளம், பிறகுதான் பியூகல்லிஃப்ட் (பின்னால ஒரு தடி தள்ளி மேல இழுத்துக்கொண்டு போறது). அதில இருக்கப் பாக்காதேங்கோ, நிண்டபடியே அது பின்னால தள்ள விடோணும். கட்டாயம் பெரியாக்களின்ர வகுப்பில சேருங்கோ, தெரிஞ்ச ஆள் பழக்குவார் எண்டு நேர நீலப் பாதைக்கு (லேசு எண்டு குறிச்ச பாதை) ஏறாதேங்கோ. உங்களுக்கு முன்னுக்கு, கீழ போற ஆளுக்குத்தான் வழி, பின்னால வாற நீங்கள்தான் விலகோணும்.

போன தை மாசம் திரும்பப் போனன், வாடகை ஸ்கீயோட. பத்து மணிக்குள்ள ரெண்டு தரம் விழுந்தன், ரெண்டு தரமும் டக்கெண்டு கழண்டு விட்டுது. மகள் மேல இருந்து வந்து ஒண்டைப் பொறுக்கித் தந்திட்டு, "அப்பா, சப்பாத்தில பனியைத் தட்டிப்போட்டுப் போடுங்கோ" எண்டாள்.