நங்கூரத்தில் நிற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்மரப் படகிலேயே குடியிருந்து வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றுகிறவர்களுக்கு, அன்றைக்கு நங்கூரம் பாய்ச்சிய விரிகுடாதான் ஊர். இந்த ஊரில் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. புழுக்கம் தாங்காமல் எல்லாப் படகிலும் மூடிகள் திறந்தே கிடக்கும். பக்கத்தில் பேசுவது தண்ணீர் மேல் அப்படியே வந்து சேரும். புதிதாக வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

வந்த அன்றே நடக்கும் தவறு, ஏற்கெனவே நிற்கும் படகை ஒட்டி நங்கூரம் போடுவது. நீர் ஏறி நிற்கும்போது ஆழம் 5 மீட்டர், படகின் முகப்பு தண்ணீருக்கு மேல் 1 மீட்டர் என்றால், இரண்டையும் கூட்டி, அந்த 6 மீட்டருக்கு ஐந்து மடங்குக் கணக்கில் 30 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று திசை மாறினால் படகு அத்தனை நீளத்துக்கும் வட்டம் அடிக்கும். பக்கத்துப் படகுக்காரரும் அதே அளவு விட்டிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம், பல நட்புகள் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பமாகின்றன. இடிக்கும் போலத் தெரிந்தால் பின்னால் வந்தவர்தான் நகர வேண்டும். முன்னால் வந்து நிற்பவர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். நங்கூரம் மணலில்தான் விழ வேண்டும், பவளத்தின் மேல் விழவே கூடாது.

அடுத்தது டிங்கி. கரைக்கும் படகுக்கும் போக ஆளாளுக்கு ஒரு சின்ன மோட்டார் படகு இருக்கும். அதை நிற்கும் படகுகளுக்கு நடுவே வேகமாக ஓட்டுவது வெறும் மரியாதைக் குறைவு மட்டுமல்ல. காலையில் யாராவது தண்ணீருக்குள் இறங்கி, படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். மேலே தெரிவது மூச்சுக்குழாயின் நுனி மட்டுந்தான். மோட்டாரின் விசிறி அவரை வெட்டிவிடும். உள்ளே அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் இருந்தால், உங்கள் அலையில் அதுவும் சரியும். மெதுவாகப் போங்கள். மோட்டாரை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தால் டிங்கி சுற்றி வந்து உங்கள் மேலேயே ஏறாமல் இருக்கும். இங்கே சூரியன் மறைந்து அரை மணிக்குள் நன்றாக இருட்டிவிடும், அதனால் மாலையில் கிளம்பும்போதே விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படகுக்குப் பேசப் போனால், கைக்கெட்டும் தூரத்தில் நின்று பக்கவாட்டில் தட்டுங்கள், அல்லது படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். 'வாங்க' என்று சொல்லும்வரை ஏறக் கூடாது. காற்றுக்காகக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவர்கள் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம் அது. மாலையில் கூப்பிட்டார்கள் என்றால் உங்கள் பானம், கொறிக்க ஏதாவது, முடிந்தால் தம்ளரும் கொண்டுபோங்கள். அடுத்த கடை பல நாள் பயணத்தில் இருக்கலாம், அவர்களிடம் இருப்பது எண்ணி வைத்த சரக்கு. அப்புறம், நேரத்தோடு கிளம்பிவிடுங்கள். இரவு 9 மணியைத்தான் படகுக்காரர்கள் நள்ளிரவு என்பார்கள். அதற்குமேல் ஜெனரேட்டரும் ஓடக் கூடாது.

படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோவில் சேனல் 16 அவசரத்துக்கும் அழைப்புக்கும் மட்டுமே. நீங்கள் கூப்பிட்ட ஆள் பதில் சொன்னதும் இருவரும் வேறு சேனலுக்கு மாறுங்கள். அங்கேயும் மற்றவர்கள் காதில் விழும் என்பதால் யாரைப் பற்றியும் குறை பேச வேண்டாம்.

விருந்தாளிகள் விஷயத்தில் நடப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. இன்ன தேதியில் இன்ன தீவில் ஏற்றிக்கொள்கிறோம் என்று உறவினர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்காகக் கெட்ட வானிலையில் கிளம்புகிறவர்கள் உண்டு. தேதியைச் சொல்லுங்கள், இல்லையென்றால் இடத்தைச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அந்த மாதங்களுக்கு அழைக்கவே வேண்டாம். வந்தவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் கழிப்பறைப் பம்பையும் தண்ணீர்க் குழாயையும் காட்டிக்கொடுங்கள். தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர்தான் என்பதையும், கடல் நீரில் பாத்திரம் தேய்த்து ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுவது எப்படி என்பதையும் கூட நின்று செய்து காட்டினால் போதும், மறுநாளே அவர்களாகச் செய்வார்கள்.